தோணியைத் திருப்பிப் பார்த்தல்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் களுதாவளை வழியாகக் கல்முனை நோக்கிப் போகும் ஏ4 வீதியோரக் கராஜ்களில் இப்போது ஸ்பானருக்கு முன்னால் ஸ்கேனர்தான் வெளியே வருகிறது. கார் ரேஸ் ஏறாமல் ஊர்ந்து வந்திருக்கும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கருவியைச் செருகியதும் பி 2135 என்றோ பி 2138 என்றோ ஒரு குறியீடு வரும். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: ஒரே நிலையை அளக்கும் இரண்டு சென்சர்கள் அனுப்பிய மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வாடிக்கையாளரின் காதுக்குப் போய்ச் சேரும்போது அது "திரொட்டில் சென்சர் பழுதாப் போச்சு, பொடியோட மாத்தணும்" என்று ஆகிவிடுகிறது. பொருந்தாமை என்ற சொல் வழியில் விழுந்துவிட்டது; சென்சர் என்ற சொல் மட்டும் கரை சேர்ந்தது. இருவருடைய கணக்கு ஒத்துவரவில்லை என்ற செய்தி, இன்னார் களவெடுத்தார் என்ற தீர்ப்பாக மாறியது போன்றது இது. விழுந்துபோன அந்தச் சொல்லைத் தூக்கி எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால்தான் இந்தக் கோளாறு பிடிபடும். அப்படி யோசிக்கும் முறையும் நமக்குப் புதிதாக எவரும் கற்றுத்தர வேண்டியதல்ல என்பது என் எண்ணம்.

கேபிள் இருந்த காலத்தில் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மறைவாக எதுவும் நடக்கவில்லை. மிதித்தால் கேபிள் இழுபடும். காற்றுக் குழாயில் இருக்கும் வட்டத் தகடு திரும்பும். காற்று உள்ளே போகும். 1980களின் பிற்பகுதியில் மின்னணு ஏற்பாட்டோடு பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார்கள் வந்தபோது கேபிளின் இடத்தில் வயர் வந்தது. 2000க்குப் பிறகு ஜப்பானியச் சிறு கார்களுக்கும் அது வழக்கமாயிற்று. இன்று ரீகண்டிஷனாக இறங்கி நம் பக்கம் ஓடுகிற கார்களில் கால் மிதிப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. மிதியில் இருக்கும் இரண்டு சென்சர்கள் கால் எவ்வளவு இறங்கிற்று என்பதை மின்னழுத்தமாக ஈசியூ என்கிற கணினிப் பெட்டிக்குச் சொல்கின்றன. பெட்டி எஞ்சினின் வேகம், சூடு, ஏசி ஓடுகிறதா இல்லையா என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தத் தகட்டைத் தாங்கும் திரொட்டில் பொடியில் உள்ள சிறிய மோட்டருக்கு மின்துடிப்புகளை அனுப்புகிறது. மோட்டர் பற்சில்லுகளைச் சுழற்றித் தகட்டைத் திறக்கிறது. எவ்வளவு திறந்தது என்று திரும்பச் சொல்ல அங்கேயும் இரண்டு சென்சர்கள். ஏதாவது பிசகினால் பெட்டி மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது சுருள்வில் தகட்டைச் சில பாகை மட்டும் திறந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தும். காரை ஓரமாக்கவோ, மெல்ல ஊர்ந்து வீடு போய்ச் சேரவோ போதுமான காற்று அந்த இடுக்கால் போகும். ரேஸ் ஏறவில்லை என்று சொல்லப்படும் நிலை பல வேளைகளில் இதுதான். எஞ்சினுக்கு எதுவும் ஆகியிருக்காது. தனக்கு வரும் செய்தியில் நம்பிக்கை இழந்த பெட்டி ஆபத்தில்லாத ஓர் இடத்தில் போய் இருந்துகொண்டிருக்கிறது.

ஏன் இரண்டிரண்டு சென்சர்? ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்பது பாதி விடை. ஒன்றையொன்று கண்காணிக்கத்தான் அவை இரண்டாக வைக்கப்பட்டன. பல டொயோட்டாக்களில் கால் வைக்காதபோது மிதியின் ஒரு சென்சர் ஏறத்தாழ 0.8 வோல்ற், மற்றது 1.6 வோல்ற் காட்டும். மிதிக்க மிதிக்க இரண்டும் அந்த இடைவெளியை விடாமல் ஏறும். வேறு சில நிறுவனங்களின் திரொட்டிலில் ஒன்று ஏற மற்றது இறங்கும். கூட்டினால் எப்போதும் 5 வோல்ற்றை ஒட்டியே வரும். இன்னும் சிலவற்றின் மிதியில் இரண்டாவது முதலாவதின் சரி பாதி. இந்த உறவு குலைந்ததும் பெட்டி குறியீட்டைப் பதிகிறது. ஆனால் சாட்சிகள் இரண்டே இரண்டு. மூன்று இருந்தால் பெரும்பான்மை பார்க்கலாம்; இரண்டு இருந்தால் யாரோ ஒருவர் சொல்வது பிழை என்பது மட்டுமே தெரியும், யார் என்பது தெரியாது. இருவர் சொன்னதும் சரியாக இருந்து, இடையில் செய்தி கொண்டுவந்த வழியில் கெட்டிருக்கவும் கூடும். பெட்டியின் அறிவு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சொல்வது மனிதரின் வேலை.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவை என்ற பகுதியை வைக்கிறது. அளவை என்ற சொல்லை நான் வியந்து பார்ப்பதுண்டு. மீற்றர் வைத்து எடுக்கும் அளவும் அதில் இருக்கிறது; ஒன்றை உண்மையென்று அறிந்துகொள்ளும் வழியும் அதில் இருக்கிறது. காட்சி, கருதல், உரை என்று அந்த வழிகளை மூன்றாகத் தொகுக்கும் அந்த மரபு, காட்சியில் நேரும் குறைகளை ஐயம் என்றும் திரிபு என்றும் பிரிக்கிறது. இருட்டில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே முடிவுகட்டுவது திரிபு. இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு திரொட்டில் பொடிக்கு வந்தால் பல விடயங்கள் தெளிவாகின்றன. பி 2135 என்பது பெட்டி தன் ஐயத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். ஐயம் குறைதான், ஆனால் நேர்மையான குறை. அதிலிருந்து அறிவுக்குப் போக வழி உண்டு. அந்த ஐயத்தைக் கையில் வாங்கிய மறுகணமே சென்சர் பழுது என்று சொல்லும்போது, பொறி ஐயமாகத் தந்ததை நாம் திரிபாக்கிவிடுகிறோம். குறி சொல்பவரிடம் வாக்குக் கேட்பதுபோலக் குறியீட்டைக் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. ஸ்கேனர் சொன்னது உரை. அதைக் காட்சியோடும் கருதலோடும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் காட்சிக்குக் களுதாவளை போன்ற ஊரில் தனிக் காரணமும் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இடையில் ஒடுங்கிய மணல் நிலம். இரு பக்கமும் உப்புக் கலந்த நீர். மாரியில் வாடைக்காற்று கடலின் ஈரத்தைக் கொண்டுவருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் மணலும் புழுதியும். கனெக்டரின் ரப்பர் வளையம் பத்து ஆண்டுச் சூட்டில் இறுகிப்போன பிறகு உப்பு ஈரம் உள்ளே இறங்கும். செப்பில் பச்சைக் களிம்பு பூக்கும். இதன்மேல் வரலாறும் ஏறியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகள் இருக்கிற கார்களே ஓடிப் பழசாயின. 2022இல் பெற்றோல் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் முற்றங்களில் நின்றன. கியூஆர் அட்டை வந்தபோது தொடக்கத்தில் காருக்குக் கிடைத்தது வாரம் 20 லீற்றர். ஓடாமல் நிற்கும் காரில் பற்றரி இறங்குகிறது, தொடுமுனைகள் மங்குகின்றன, எலி வயருக்குள் குடிபோகிறது. ஜப்பானில் நல்ல வீதியில் ஓடிய ஒரு கார் இங்கே வந்து முதுமையடையும் முறை வேறு. அதே குறியீடு ஒசாகாவிலும் களுதாவளையிலும் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருக்க நியாயமில்லை.

கணக்காகவே பார்க்கலாம். இரண்டு சென்சர்களும் ஒரே ஏர்த் வயரால் பெட்டிக்குத் திரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரின் முனையில் களிம்பு ஏறி 20 ஓம் தடை உண்டாகிவிட்டது. அதில் போவது 10 மில்லி அம்பியர். பெருக்கினால் 0.2 வோல்ற். சுழியாக இருக்க வேண்டிய அடித்தளமே 0.2 உயர்ந்துவிட்டது. ஒன்று ஏற மற்றது இறங்கும் வகைக் காரில் கூட்டுத்தொகை 5இலிருந்து 5.2க்குப் போகிறது, தடை மேலும் ஏறினால் பெட்டி கூக்குரலிடும். இரண்டும் சேர்ந்து ஏறும் வகைக் காரிலோ இடைவெளி அநேகமாக மாறாது; அதே நோய் இருந்தும் அந்தக் குறியீடு வராமல் போகும். நோய் ஒன்று, ஒரு கார் கத்துகிறது, மற்றது வாய் திறக்கவில்லை. இதில் எந்தச் சென்சரும் பழுதில்லை. புதுத் திரொட்டில் பொடி போட்டாலும் அது அதே களிம்பேறிய வயரில்தான் வந்து உட்காரும். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையைச் சென்சரின் ஏர்த் பின்னிலும் வைத்து, சுவிட்ச் போட்ட நிலையில் ஒரு தரம் பார்த்தால் போதும், 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும். வேலை செய்துகொண்டிருக்கும்போது அளப்பது இங்கே முக்கியம். மோட்டருக்குப் போகும் வயரில் இழைகள் எல்லாம் அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், கழற்றி வைத்து ஓம் பார்த்தால் அது நல்ல வயராகவே தோன்றும். சுமை ஏறும்போதுதான் அந்த ஓர் இழை தாங்காது என்பது தெரியும்.

களுதாவளையில் வெற்றிலைக் கொடி மஞ்சளித்தால் எவரும் மஞ்சள் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போவதில்லை. அடியைக் கிளறிப் பார்க்கிறார்கள். நீர் தேங்கிற்றா, வேர் அழுகிற்றா, பசளை போதவில்லையா, பக்கத்துக் கொடியும் அப்படியா, வரிசை முழுக்க அப்படியா என்று பார்க்கிறார்கள். பக்கத்துக் கொடியும் மஞ்சளித்திருந்தால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. இரண்டு சென்சர்களும் சேர்ந்து நகர்ந்திருந்தால் 5 வோல்ற் வழங்கும் வயரையோ ஏர்த்தையோ பார், ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அதன் வயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சென்சருக்கு வா என்பது அதே கருதல்தான். பல கார்களில் அந்த 5 வோல்ற் வழி வேறு சென்சர்களுக்கும் பொதுவானது. எங்கோ இருக்கும் ஒரு அழுத்தச் சென்சர் உள்ளே சோர்ட் ஆனாலும் குற்றம் திரொட்டில்மேல் விழும்.

இந்த முறையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்த வாவியிலேயே நடந்தது. மட்டக்களப்பைப் பாடும் மீன்களின் ஊர் என்று உலகுக்கு எழுதியவர்களில் ஒருவர், அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1848 செப்டெம்பரில் அவர் இங்கு வந்தபோது, நிலவு எழுந்த பின் மீனவர்களோடு தோணியில் போனார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலிபோல நீருக்கடியிலிருந்து ஓசை கேட்டது என்று தம் நூலில் எழுதுகிறார். அவர் செய்தவற்றைக் கவனிக்க வேண்டும். தோணியின் மரத்தில் காதை வைத்துப் பார்த்தார், ஓசை கூடிற்று. ஆகவே அது கரையிலிருந்து காற்றில் வருவதல்ல, நீருக்குள்ளிருந்து வருவது. தோணியை நகர்த்தினார்கள்; ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும், பிறகு கேளாமலே போயும்விட்டது. பழைய இடத்துக்குத் தோணியைத் திருப்பினார்கள். ஓசை உடனே திரும்பக் கேட்டது. ஆகவே அதை எழுப்புவது எதுவோ, அது ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது, நீந்தித் திரிவதில்லை என்று கருதினார். மீனல்ல, சிப்பிவகை என்று மீனவர்கள் சொன்னது அதற்குப் பொருந்துகிறது என்று எழுதினார். மீனவர்களின் சொல் உரை. காதில் விழுந்தது காட்சி. திரும்பிப் போய்க் கேட்டது கருதலுக்கு அடிப்படை. நிலையாக இருப்பதெல்லாம் சிப்பிதானா என்று கேட்டால் அந்த முடிவு ஆட்டம் காணும், அது வேறு. முடிவு தவறாகவே இருந்தாலும் முறை சரி. எல்லாவற்றிலும் மேலானது, தோணியைத் திருப்பிய அந்த ஒரு செயல்.

கராஜ்களில் நடக்காமல் போவது அந்தச் செயல்தான். "மாத்திப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்பது அனுபவமுள்ள தொழிலாளர் சொல்லும் எதிர்வாதம். நல்லதென்று தெரிந்த ஒரு பொடியைப் போட்டுப் பார்ப்பதைவிட வேறென்ன சோதனை வேண்டும் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. அதையும் ஒரு சோதனையாக நான் ஏற்கிறேன். ஆனால் பொடியை மாற்றும்போது ஒன்றல்ல, குறைந்தது மூன்று விடயங்கள் மாறுகின்றன. பொடி மாறுகிறது. கனெக்டரைக் கழற்றித் திரும்ப அழுத்தும்போது பின்களின் மேலிருந்த களிம்பு உராய்ந்து விலகுகிறது. பற்றரியைக் கழற்றியிருந்தால் பெட்டி தன் நினைவில் வைத்திருந்த கணக்குகளும் அழிகின்றன. கோளாறு போய்விட்டால் மூன்றில் எது போக்கியது? புதுச் சாமான்தான் என்று சொல்வது, தோணி நகர்ந்தபோது ஓசை நின்றதை மட்டும் கேட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுவது போன்றது. பழைய பொடியைத் திரும்பப் பூட்டி, கோளாறும் திரும்ப வந்தால்தான் அந்தப் பொடி குற்றவாளி. அதற்கும் முன்பு, பழைய பொடியை மாற்றாமல் கனெக்டரை மட்டும் கழற்றிப் பூட்டிப் பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்ய அரைமணி நேரம் போதும். செய்யாமல் விட்டால், மறு மாரியில் அதே கார் அதே குறியீட்டோடு வரும். அப்போது புதுச் சாமான் கூடாத சாமான் என்று பெயர் வாங்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்த பாவித்த பொடிக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே சென்சரின் மின்னழுத்த ஏற்றம் வேறாக இருக்கக்கூடும். அப்போது நல்ல சாமானே புதிய பொருந்தாமையைக் கொண்டுவரும்.

தகட்டைக் கழுவுவதிலும் இதே மயக்கம் இருக்கிறது. எஞ்சினின் உள்ளிருந்து திரும்ப எரிப்புக்கு அனுப்பப்படும் எண்ணெய்ப் புகை தகட்டின் விளிம்பில் படிந்து கருமையாக இறுகும். அது தகட்டை ஒட்டவைத்தால் மோட்டர் கூடுதல் மின்சாரம் இழுத்துத் திணறும். பி 2111, பி 2112 போன்றவை அப்போது வரலாம். அங்கே கழுவுவது சரியான மருத்துவம். ஆனால் படிவு சேரச் சேரப் பெட்டி தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கும். அழுக்கு போன பின்னும் பெட்டி பழைய கணக்கிலேயே திறந்தால் ஐட்லிங் ஏறி நிற்கும். அதற்கு மறுபடி கற்பிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு, காருக்குக் கார் வேறு. நிஸான்களில் மிதியை இத்தனை நொடிக்குள் இத்தனை தரம் அழுத்து என்று பூசை விதிபோல வரும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கழுவியபின் கார் கெட்டுப்போயிற்று என்று அடுத்த சாமானுக்குப் போனவர்கள் பலர். ஒரு சிறு எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: சுவிட்ச் போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளக்கூடாது. உள்ளே இருப்பது பல இடங்களில் பிளாஸ்ரிக் பற்சில்லு. மோட்டர் திடீரென்று மூடினால் விரலுக்கும் சேதம்.

இவ்வளவு தொல்லைக்குக் கேபிளே நல்லது என்ற குரலும் உண்டு. கேபிள் துருப்பிடித்தாலும் நூலறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்; துரு ஒரு துளி எண்ணெயில் இளகும். அந்த எளிமை மதிக்கத் தக்கது. ஆனால் கேபிள் திறந்தபடி இறுகிக்கொண்டால் அதைக் கண்டு எஞ்சினை அடக்க அங்கே யாரும் இல்லை. ஐயப்படும் திறன் அற்ற பொறி அது. நமக்கு வாய்த்திருக்கும் பொறி தன்னை ஐயப்படத் தெரிந்தது. அதன் மொழி நமக்கு முழுவதும் விளங்கவில்லை என்பதற்காக அந்தத் திறனைக் குறைசொல்ல நான் தயாரில்லை.

அதைவிடக் கனமான எதிர்வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: குறியீடு இல்லையென்றால் கோளாறும் இல்லை, பெட்டி எல்லாவற்றையும் கண்டுவிடும். இந்த நம்பிக்கையை உலகம் ஒருமுறை கடுமையாகச் சோதித்துப் பார்த்தது. 2009 ஆகஸ்ட் 28இல் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுமீறி ஓடி நால்வர் இறந்தார்கள். அந்த விபத்தில் மிதியைத் தடுத்தது காருக்குப் பொருந்தாத கால்விரிப்பு என்று கண்டார்கள். ஆயினும் டொயோட்டாவின் மின்னணுத் திரொட்டில்மேல் சந்தேகம் எழுந்து, ஆராயும் பொறுப்பு நாசாவின் பொறியியலாளரிடம் போயிற்று. 2011 பெப்ரவரியில் வெளியான அறிக்கை, பெரிய அளவில் தானாகத் திறக்கச் செய்யும் மின்னணுக் குறை எதையும் தாங்கள் காணவில்லை என்றது. கூடவே, காணவில்லை என்பதால் அப்படி நேரவே முடியாது என்று ஆகாது என்றும் எழுதிவைத்தது. அதே ஆய்வில் மிதியின் சென்சர்களுக்குள் வெள்ளீயம் மயிரிழையைவிட மெல்லிய ஊசிகளாக முளைத்திருப்பதைக் கண்டார்கள். அப்படியொரு ஊசி இரண்டு சென்சர்களின் சமிக்ஞைகளுக்கும் இடையில் பாலமாகிவிட்டால், தனித்தனியே பேச வேண்டிய சாட்சிகள் கலந்து பேசத் தொடங்குகின்றன. அப்போது பெட்டிக்குக் கிடைக்க வேண்டிய ஐயம் கிடைக்காமல் திரிபு கிடைக்க இடமுண்டு. 2013 ஒக்டோபரில் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, 2005ஆம் ஆண்டுக் கம்ரி ஒன்றின் விபத்தில் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெட்டியின் மென்பொருளில் குறைகள் இருப்பதாக அங்கே சாட்சி சொன்னவர் மைக்கேல் பார் என்ற நிபுணர். நாசா ஒரு பக்கம், நீதிமன்றம் இன்னொரு பக்கம். இத்தனை வளமும் கருவியும் இருந்தவர்களே ஒரே முடிவுக்கு வரமுடியாத ஒரு பொறியை, கையடக்க ஸ்கேனரின் ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று நம்புவது எப்படி?

மிச்சமிருப்பது பணத்தைப் பற்றிய வாதம். இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் இது தொழிலாளியின் வயிற்றிலிருந்து வருகிறது. பில்லில் சாமானுக்கு ஒரு வரி உண்டு, கூலிக்கு ஒரு வரி உண்டு. யோசித்ததற்கு வரி இல்லை. ஒரு மணி நேரம் மீற்றரோடு குந்தியிருந்து, ஒரு பின்னைச் சுத்தம் செய்து, கனெக்டரை இறுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்டால், "சும்மா வயரைத் துடைச்சதுக்கா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் அதே கராஜில் பொடிக்கு எண்பதாயிரம் கேட்டாலும் முகம் சுளித்துக்கொண்டாவது கொடுப்பார். கையில் ஒரு பொருள் மாறினால்தான் பணத்துக்கு ஈடு கிடைத்ததாக நினைக்கிறோம். அந்தப் பழக்கம் தொழிலாளியைச் சாமான் மாற்றுபவராகவே வைத்திருக்கிறது. அவருக்குத் தெரிந்ததைக்கூடச் செய்யவிடாமல் தடுக்கிறது. ஆகவே குற்றத்தைக் கராஜின் தலையில் மட்டும் போட நான் உடன்படமாட்டேன். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம், அதில் கண்ட அளவுகள் எழுதிய துண்டு, கழற்றிய பழைய சாமான் வாடிக்கையாளர் கையில் என்ற ஒழுங்கு வந்தால் இருவருக்கும் மிச்சம். பொடியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சிறிது. டொலர் கொடுத்து இறக்க வேண்டிய சாமான்கள் நாட்டுக்கும் மிச்சம்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகும் பிடிபடாத ஒரு வகை இருக்கிறது. மழையில் மட்டும் வரும் கோளாறு. வெயிலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் எல்லா அளவும் சரியாக இருக்கும். கனெக்டரை ஆட்டினாலும் வயரை வளைத்தாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியில் பழைய குறியீடு மட்டும் கிடக்கும், அது பதிந்த நேரத்தில் எஞ்சின் என்ன சூட்டில் இருந்தது, என்ன வேகத்தில் ஓடியது என்ற குறிப்போடு. இந்த இடத்தில் சாமானைக் கழற்றுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நீரைத் தெளித்து மழையை உண்டாக்கிப் பார்க்கலாம். பல வேளைகளில் அது பலிக்கும். பலிக்காவிட்டால், இரண்டு சென்சர்களின் மின்னழுத்தத்தையும் இன்றைய திகதியோடு ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்து, "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, மாரி தொடங்கி லைட் எரிஞ்சதும் எஞ்சினை நிப்பாட்டாமல் அப்படியே கொண்டு வாங்க" என்று சொல்வதே அந்த நாளுக்குரிய முழுமையான விடை. கிழக்கில் வடகீழ்ப் பருவமழை வலுப்பது ஆண்டின் கடைசி மாதங்களில். தாளைக் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருந்தால், அன்று எடுக்கும் அளவோடு ஒப்பிட இரண்டு எண்கள் கையில் இருக்கும்.